பொதியும் பொறுப்பும்

வணிகர் தம் பண்டங்களைப் பொதியாகக் கட்டி ஊர்தோறும் அனுப்புதல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். கணிப்பொறி உலகிலும் அத்தகைய பொதி கட்டும் பணி ஒன்று உண்டு. அதன் இயல்பினை ஈண்டுக் காண்போம்.

லினக்ஸ் என்பது கணிப்பொறியை இயக்கும் மென்பொருளின் உட்கரு ஆகும். அதனோடு பல்லாயிரம் நிரல்களைச் சேர்த்து வழங்கும் அமைப்புகள் பல. அவற்றுள் ஒன்று டெபியன். 1993 ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கியவர் இயன் மர்டாக். பின்னர்த் தம் துணைவியாரான டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்தே அவர் அதற்குப் பெயரிட்டார். உலகெங்கும் உள்ள தன்னார்வலர் அதன் பொதிகளைப் பேணி வருகின்றனர்.

சிறு நிரல் தொகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10,000 எண்களை ஒருவனே கணக்கிடின் நெடும்பொழுது ஆகும். பலர் பங்கிட்டுச் செய்யின் விரைவில் முடியும். அவ்வாறே ஒரு வேலையைப் பல இழைகளாகப் பகுத்து ஒருங்கே நடத்த உதவுவது அத்தொகுதி என்க. அதனைப் பொதியாக்குவோர் முதற்கண் அதன் உரிமத்தை ஆராய்வர். யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இசைவு உண்டோ என நோக்குவர். பின்னர், அது சார்ந்து நிற்கும் பிற தொகுதிகளைக் குறிப்பர். அதன்பின் மூல நிரலினின்று அதனை உருவாக்கிச் சோதிப்பர். இரண்டு இழைகள் ஓரிடத்தில் ஒருங்கே எழுத முனைவதால் எழும் பிழை எப்பொழுதும் வெளிப்படாது. ஆதலின் பலமுறை, பல்வகைப் பொறிகளிற் சோதித்தல் இன்றியமையாதது.

இப்பணியில் விழிப்புக் குன்றின் விளைவது யாது? 2006 ஆம் ஆண்டில், டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்கப் பொதியில், சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நீக்கும் பொருட்டு இரண்டு வரிகள் செயலற்றவை ஆக்கப்பட்டன. தீங்கு கருதிச் செய்தது அன்று அது. எனினும், அவற்றுள் ஒன்றே மறைத் திறவுகோல்களை எவரும் ஊகிக்க இயலாதவாறு காத்து வந்தது. அது போனபின், ஒவ்வொரு வகைத் திறவுகோலும் ஏறத்தாழ 32,768 வடிவங்களுள் அடங்கிவிட்டது. கள்வன் அவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தல் எளிதாயிற்று. 2008 ஆம் ஆண்டு மே மாதத்தில் இக்குறை வெளிப்பட்டது. டெபியன் அதனை மறைக்காது உலகறிய அறிவித்தது. பொதியைத் திருத்தியதோடு அமையவில்லை. அதுகாறும் ஆக்கிய திறவுகோல்களைக் களைந்து, பயனாளர் புதியன ஆக்க வேண்டியதாயிற்று.

மாணவர்களே! பிறர் படைத்த பொருளைப் பேணி வழங்குதலும் பெரும்பணியே. பொருள் விளங்காத வரியை நீக்குமுன் அதன் பயனை அறிதல் வேண்டும். பிழை நேரின் அதனை ஒப்புக்கொண்டு திருத்துதல் வேண்டும். இவ்விரண்டும் எத்தொழிலுக்கும் பொருந்தும் நெறிகளாம்.