மழை விட்ட அரைமணி நேரம்

பறவை பார்க்க விடியற்காலைதான் நல்ல நேரம் என்பார்கள். மார்கழியில் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கொல்லையில் அந்தக் கணக்குச் செல்லாது. பனிமூட்டம் விலகும்வரை பஞ்சுருட்டான்கள் உடம்பை உப்பிக்கொண்டு, ஒன்றையொன்று ஒட்டிக் கம்பியில் உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறிப் பூச்சி பறந்தால்தான் அவற்றுக்கு வேலை. ஆகவே காபியை நிதானமாகக் குடித்துவிட்டுத்தான் கொல்லைக் கதவைத் திறக்கிறேன்.

இதற்கு விலக்கு ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். பகலில் வாழையடிச் சருகைக் கிளறும். தவிட்டுக்குருவிகளும் சருகு கிளறுபவைதான், ஆனால் கூட்டமாகக் கூச்சல் போட்டுக்கொண்டு. சத்தமில்லாமல் சருகு அசைந்தால் அப்படியே நில்லுங்கள். ஐப்பசி வாக்கில் வலசை வந்த களைப்பில் இது வீட்டுக்குள் வந்து விழுவதும் உண்டு. வாயில் தண்ணீர் ஊற்றாமல், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் விட்டுவிடலாம்.

அடைமழை நாளில் எனக்குப் பிடித்தது மழை விட்ட அரைமணி நேரம். நனைந்த செம்போத்து வேலிமேல் ஏறி, முதுகில் வெயில் படும்படி சிறகை விரித்துக் காயவைக்கும். ஈசல் கிளம்பினால் அந்தப் புற்றைவிட்டு நகராதீர்கள். கரிச்சான் பறந்து பிடிக்கும்; மைனா தரையிலேயே பொறுக்கும்; சண்டைக்காரக் காக்கைகூட அன்றைக்குச் சாப்பாட்டில்தான் கண்ணாயிருக்கும். தகைவிலான் தாழப் பறந்தால் மழை வரும் என்பார் எங்கள் அப்பா. பூச்சி தாழ்ந்தால் அதுவும் தாழும், அவ்வளவுதான். அதை நம்பி நான் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பதில்லை.

மூட்டமான வானத்தில் எந்தப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். நிறத்தைத் தேடாமல் வாலின் நீளம், உட்காரும் விதம், குரல் மூன்றையும் கவனியுங்கள். வேலிக்குச்சியில் தினமும் அதே இடத்தில் உட்கார்ந்து கரகரவென்று கத்தினால், பெரும்பாலும் அது சைபீரியா, சீனப் பக்கமிருந்து வந்த பழுப்புக்கீச்சான். செம்பருத்திப் புதருக்குள்ளிருந்து 'டக், டக்' என்று குரல் மட்டும் வந்தால் நாணல் கதிர்க்குருவி. அதைக் கண்ணால் பார்க்கப் பொறுமை வேண்டும். எனக்குப் பல நாள் இருப்பதில்லை.

பைனாகுலரில் சாரல் பட்டால் தோள்துண்டால் துடைக்காதீர்கள்; கீறல் விழும். குறிப்பேட்டில் பறவையின் பெயரோடு வெயில், மூட்டம், தூறல் என்பதையும் எழுதுங்கள். பொங்கல் நாள்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்புக்கு அந்தப் பழக்கம் உதவும். குறைந்தது 15 நிமிடம் பார்த்து எண்ணி, ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றினால் போதும். காக்கையையும் சேர்த்து எண்ணுங்கள். அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.