உங்கள் முகம், உங்கள் கார்ட்டூன்: கம்ப்யூட்டரில் அவதார் வரையும் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வாட்ஸ்அப், பேஸ்புக் கணக்கு தொடங்கியதும் அடுத்து யோசிப்பது, புரொபைல் படமாக எதை வைப்பது என்பதைத்தான். சிலர் ரோஜாப்பூ வைக்கிறார்கள். சிலர் நடிகர் படம் வைக்கிறார்கள். எங்கள் தூத்துக்குடியில் பாதிப் பேருடைய படத்தில் துறைமுகக் கப்பல் நிற்கும், இல்லாவிட்டால் பனிமய மாதா கோயில் இருக்கும். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தி அனுப்பியது யார் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொந்த போட்டோவை வைக்கலாம் என்றால் அதை யாராவது எடுத்துத் தவறாகப் பயன்படுத்திவிடுவார்களோ என்ற பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வழிதான் கார்ட்டூன் அவதார். அதாவது, உங்களைத் தெரிந்தவர்கள் பார்த்ததும் 'இது நீங்கள்' என்று சொல்லக்கூடிய ஒரு கேலிச்சித்திரம்.

அவதார் என்பது நம் 'அவதாரம்'தான். 1986-ல் லூகாஸ்பிலிம் நிறுவனத்தின் 'ஹாபிடாட்' என்ற விளையாட்டில், திரையில் நடமாடும் நம் உருவத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். அதன்பின் 2004-ல் யாஹூ மெசஞ்சரில் அவதார் வந்தது. சட்டை மாற்றி, தலைமுடி மாற்றி எவ்வளவு பேர் விளையாடினோம்! அந்த வசதியை 2013-ல் நிறுத்தினார்கள். மெசஞ்சரையே 2018-ல் மூடிவிட்டார்கள். 2014-ல் வந்த பிட்மோஜி, 2018-ல் ஆப்பிள் கொண்டுவந்த மீமோஜி, 2020-ல் இந்தியாவுக்கு வந்த பேஸ்புக் அவதார் எல்லாமே இதே வகைதான். அவர்கள் தருகிற மூக்கு, அவர்கள் தருகிற கண் என்று பட்டியலிலிருந்து பொறுக்கி ஒட்டவேண்டும். அவசரத்துக்கு இது போதும். ஆனால் நம்முடைய மூக்கு அந்தப் பட்டியலில் இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. கடையை மூடினால் படமும் போய்விடும். அதனால் இந்தப் பாடத்தில் நம் கம்ப்யூட்டரிலேயே, நம் கையாலேயே வரையப் போகிறோம். பைல் நம்மிடம் இருக்கும்.

ஓவியம் வராதே என்கிறீர்களா? போட்டோவின் மேல் கோடு இழுக்கத் தெரிந்தால் போதும்.

முண்டாசும் மீசையும்

முதலில் மவுஸைத் தொடாமல் ஒரு வேலை. எங்கள் மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முண்டாசு, ஒரு முறுக்கு மீசை, நெற்றியில் ஒரு பொட்டு. கண், வாய் எதுவும் போடாமலே சின்னப் பிள்ளைகூடப் பெயரைச் சொல்லிவிடும். (தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கார்ட்டூனை முதலில் போட்டவரும் அவர்தான், 1906-ல் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில். அவரே கார்ட்டூனுக்கு இவ்வளவு வசதியான முகமாக அமைந்தது பொருத்தம்தான்.) 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது 'தம்பி' என்ற குதிரைப் பொம்மையை வைத்தார்களே, அதை நம்மூர்க் குதிரையாக்கியது அது கட்டியிருந்த வேட்டி.

ஆக, உங்கள் முகத்தில் முண்டாசும் மீசையும் எவை என்று கண்டுபிடிக்கவேண்டும். கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். "கூட்டத்தில் என்னை எப்படி அடையாளம் சொல்வீர்கள்?" என்று கேட்டால் மூன்று விஷயம் சொல்வார்கள். அந்த மூன்றும் படத்தில் இருந்தாக வேண்டும். மீதியை விட்டாலும் குற்றமில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா வீட்டிலிருந்தே கருவாடு, மீன் ஊறுகாய் விற்கிறார். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். அவருடைய போட்டோவை எவனோ எடுத்து வேறொரு எண்ணில் வைத்து, இரண்டு வாடிக்கையாளர்களிடம் முன்பணம் வாங்கிவிட்டான். அதிலிருந்து அவர் மல்லிகைப்பூப் படம்தான் வைத்திருந்தார். பழைய வாடிக்கையாளர்கள் "இது அக்கா நம்பர்தானா?" என்று போன் செய்து கேட்க ஆரம்பித்தார்கள். மகன் ஓர் இணையதளத்தில் அம்மாவின் போட்டோவைக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவால் கார்ட்டூன் ஆக்கிக் கொண்டுவந்தான். அழகான படம்தான். ஆனால் நிறம் வெளுத்திருந்தது, மூக்கு கூர்மையாகியிருந்தது, இரண்டு பக்க மூக்குத்தியில் ஒன்றைக் காணோம். அக்கா பார்த்துவிட்டு, "யாரு தம்பி இது? நம்ம வீட்டுக்குக் கல்யாணம் சொல்ல வந்த பொம்பள மாதிரில்ல இருக்கா" என்றார். பிறகு நானும் அவர் மகனும் உட்கார்ந்து வரைந்த முறையைத்தான் கீழே தருகிறேன்.

சாப்ட்வேர்

நமக்குத் தேவை இங்க்ஸ்கேப் என்ற இலவச சாப்ட்வேர். 2003-ல் இருந்து வருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இங்க்ஸ்கேப் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள். கண்ட இடத்தில் கிடைக்கிறது என்று இறக்கினால் கூடவே வேண்டாத புரோகிராம்களும் வந்து உட்காரும். இது வெக்டர் வகை சாப்ட்வேர். அதாவது படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளின் கணக்காக நினைவில் வைக்கும். ஸ்டாம்ப் அளவிலும் பேனர் அளவிலும் ஒரே படம் உடையாமல் வரும்.

கை பழகுவதற்கு ஒரு முத்து

கடைசியாக இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். கம்ப்யூட்டரில் நாம் இன்றைக்கும் எடுக்கலாம். நேராக முகத்தில் இறங்கினால் கை திணறும், அதனால் இதை முதலில் செய்யுங்கள்.

இடதுபக்க டூல்களில் வட்டம் வரையும் டூலை எடுத்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி இழுங்கள். சரியான வட்டம் கிடைக்கும். ஆப்ஜெக்ட் மெனுவில் 'பில் அண்ட் ஸ்ட்ரோக்' கிளிக் செய்தால் வலப்பக்கம் ஒரு பகுதி திறக்கும். நிறங்கள் எல்லாம் இங்கேதான். அதில் 'ரேடியல் கிரேடியன்ட்' தேர்ந்தெடுங்கள். நடுவில் நிறமாகவும் ஓரத்தில் மறைந்துபோவதாகவும் தெரியும். கிரேடியன்ட் டூலை எடுத்து நடுப்புள்ளியைக் கிளிக் செய்து வெள்ளை கொடுங்கள். ஓரப் புள்ளியைக் கிளிக் செய்து இளஞ்சாம்பல் கொடுத்து, ஆல்பா என்பதை 100 ஆக்குங்கள். இப்போது நடுப்புள்ளியைப் பிடித்து இடது மேல்புறமாக நகர்த்துங்கள். தட்டையாக இருந்த வட்டம் உருண்டு முத்தாகிவிடும். ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் இதில் உள்ள ரகசியம். முகத்திலும் அதே பக்கத்திலிருந்துதான் ஒளி வரவேண்டும். இந்த முத்தை அழித்துவிடாதீர்கள், கம்மலுக்கு ஆகும்.

முகம்

பைல் மெனுவில் டாக்குமென்ட் பிராப்பர்டீஸ் போய்ப் பக்கத்தை 800-க்கு 800 பிக்ஸல் என்று வையுங்கள். பிறகு பைல், இம்போர்ட். போட்டோவைக் காட்டினால் லிங்க்கா எம்பெட்டா என்று கேட்கும். எம்பெட் கொடுங்கள். அப்போதுதான் போட்டோவை வேறு போல்டருக்கு மாற்றினாலும் படத்தில் காணாமல் போகாது. போட்டோ, காலையில் வாசல் நிழலில் நின்று எடுத்ததாக இருக்கட்டும். பிளாஷ் போட்டு எடுத்தால் நிறமும் பொய், நிழலும் பொய்.

போட்டோவைத் தேர்ந்தெடுத்து ஒபாசிட்டியை 50 ஆக்குங்கள். மங்கலாகிவிடும். லேயர் பகுதியில் அதன் பூட்டுப் படத்தைக் கிளிக் செய்து பூட்டிவிட்டு, லேயர் மெனுவில் 'ஆட் லேயர்' கொடுத்து அதற்கு 'முகம்' என்று பெயர் வையுங்கள். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் மாதிரி. கீழே போட்டோ, மேலே நம் கோடு.

இப்போது பென் டூல். முகத்தின் ஓரமாகப் பத்து இடங்களில் கிளிக் செய்துகொண்டே வந்து, தொடங்கிய புள்ளியில் முடியுங்கள். சப்பட்டையாக, பலகோணம் மாதிரித்தான் இருக்கும். பயப்படவேண்டாம். நோட் டூலை எடுத்து, கண்ட்ரோலுடன் ஏ அழுத்தி எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்து, மேலே உள்ள பட்டையில் 'ஆட்டோ ஸ்மூத்' பட்டனைத் தட்டுங்கள். கோடுகள் எல்லாம் வளைந்து கன்னமும் தாடையும் வந்துவிடும். எந்தப் புள்ளி தள்ளி நிற்கிறதோ அதைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யலாம். முடி, காது, கழுத்து, சட்டை அல்லது சேலை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஒவ்வொன்றையும் தனித்தனி லேயரில் போடுங்கள்.

கண்ணை ஒன்று மட்டும் வரைந்து, கண்ட்ரோலுடன் டி அழுத்தினால் நகல் வரும். எச் கீயை அழுத்தினால் திரும்பிக்கொள்ளும். அதை நகர்த்தி மறுபக்கம் வையுங்கள். அளந்து வைத்தது போல் ஒரே மட்டத்தில் வைத்தால் பொம்மை ஆகிவிடும். யாருக்கும் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அரை மயிரிழை ஏற்றி இறக்குங்கள். மூக்குக்கு முழு உருவம் வேண்டாம், அடிப்பக்கம் ஒரு வளைந்த கோடு போதும். அக்காவுக்கு அந்தக் கோட்டின் இரு முனையிலும் இரண்டு மூக்குத்தி, கறுப்புச் சட்டக் கண்ணாடி, இடது கன்னத்தில் மச்சம். வீட்டில் சொன்ன மூன்றும் இவைதான். அவ்வளவுதான், முகம் வந்துவிட்டது.

நிறம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். இங்க்ஸ்கேப்பில் டிராப்பர் என்று ஒரு டூல் உண்டு. போட்டோவின் மேல் அதை வைத்து இழுத்தால் அந்த வட்டத்துக்குள் இருக்கும் நிறங்களின் சராசரியை எடுத்துத் தரும். இதற்கு முன் போட்டோவின் ஒபாசிட்டியை மறுபடி 100 ஆக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெளுத்த நிறம்தான் வரும். நெற்றியில் எடுக்காதீர்கள், அது மினுங்கும். கன்னத்தின் கீழ்ப்பகுதியில் எடுங்கள்.

அக்காவுக்கு வந்த நிறம் நல்ல மாநிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவில். ஆர்ஜிபி எண்களில் சொன்னால் சிவப்பு 141, பச்சை 85, நீலம் 36-க்குப் பக்கம். மகன் உடனே எண்களைக் கூட்டப் போனான். அக்கா அவன் கையைத் தட்டிவிட்டு, "பதினஞ்சு வருசம் உப்பளத்துல நின்ன நிறம்ல அது. அத மாத்திட்டா என்ன எவன் நம்புவான்?" என்றார்.

வியாபாரம் தெரிந்தவர் பேச்சு. வெளுப்பாக்கிய அவதார், பூப்படத்தைவிட மோசம். பூவைப் பார்ப்பவர் 'யாரென்று தெரியவில்லை' என்பார். வெளுத்த முகத்தைப் பார்ப்பவர் 'வேறு யாரோ' என்பார். உலகம் முழுவதும் பயன்படுத்தும் இமோஜிகளில்கூட 2015 வரை தோல் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. அந்த ஆண்டு யூனிகோட் அமைப்பு ஐந்து தோல் நிறங்களைச் சேர்த்தது. வெயில் பட்டால் தோல் எப்படிக் கறுக்கிறது என்பதை வைத்து அமெரிக்கத் தோல் மருத்துவர் பிட்ஸ்பாட்ரிக் வகுத்த அளவுகோல்தான் அதற்கு அடிப்படை. உப்பளத்து வெயிலுக்கும் இமோஜிக்கும் இப்படி ஒரு சம்பந்தம்.

நிழலுக்குத் தனி நிறம் தேடவேண்டாம். மூன்று எண்களையும் கால்பங்கு குறைத்தால் நிழல் நிறம் கிடைக்கும். முத்தில் பார்த்தோமே, ஒளிக்கு எதிர்ப்பக்கம் கழுத்தின்கீழும் தாடையின் ஓரத்திலும் ஒரு பட்டை. போதும்.

முகச்சாயல் தப்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஜோடி, திருமண வரவேற்பைக் கம்ப்யூட்டருக்குள் மெட்டாவெர்ஸில் நடத்தியது. மணமகளின் மறைந்த தந்தையையும் அவதாராக உருவாக்கி அங்கே நிற்கவைத்தார்கள். அந்த உருவத்துக்கு அப்பாவின் ஜாடை இல்லாமல் போயிருந்தால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்?

வெளியே எடுப்பது

எல்லா லேயருக்கும் அடியில் ஒரு சதுரம் வரைந்து பின்னணி நிறம் கொடுங்கள். பின்னணி இல்லாமல் விட்டால் சில இடங்களில் கருப்பாகத் தெரியும். அக்கா கடல் நீலம் கேட்டார், கொடுத்தோம். மகன் முயல் தீவு கலங்கரை விளக்கத்தையும் ஒரு தோணியையும் பின்னால் வைக்கப் பார்த்தான். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தைச் சுழற்றி, படத்தை விரல் நகம் அளவுக்குச் சுருக்கிக் காட்டினேன். தோணி பொட்டாகி, கலங்கரை விளக்கம் அக்காவின் தலையில் முளைத்த கொம்பு மாதிரி நின்றது. அவனே அழித்துவிட்டான். நீங்களும் இப்படிச் சுருக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் படம் வட்டமாக வெட்டப்படும் என்பதால் நான்கு மூலையிலும் முக்கியமான எதையும் வைக்காதீர்கள்.

போட்டோ லேயரின் கண் படத்தைக் கிளிக் செய்து மறைத்துவிட்டு, பைல் மெனுவில் எக்ஸ்போர்ட், பிஎன்ஜி. இந்த பிஎன்ஜி பைலைத்தான் புரொபைல் படமாக ஏற்றவேண்டும். வரைந்த மூலப் பைலை எஸ்விஜி ஆகத் தனியே சேவ் செய்து, பென் டிரைவில் ஒரு நகல் வையுங்கள். யாருக்காவது எஸ்விஜியை அனுப்புவதாக இருந்தால், உள்ளே எம்பெட் செய்த போட்டோவை முதலில் நீக்கிவிடுங்கள். மறைத்து வைத்தாலும் அது பைலுக்குள் இருக்கும்.

கார்ட்டூனையும் ஒருவன் காப்பி அடிக்கலாமே என்று கேட்பீர்கள். அடிக்கலாம். ஆனால் அவனிடம் போவது ஒரு படம்தான், உங்கள் முகம் அல்ல. அதை வைத்து வேறு போட்டோவில் ஒட்ட முடியாது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் புரொபைல் போட்டோவை 'மை கான்டாக்ட்ஸ்' என்று வையுங்கள். கடை நடத்துபவர்களுக்கு இது சரிப்படாது, புது வாடிக்கையாளருக்குப் படம் தெரியவேண்டும். அவர்கள் "பணம் அனுப்புமுன் இந்த எண்ணுக்குப் போன் செய்து என் குரலைக் கேளுங்கள்" என்று சொல்லிவைக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணைக் கூப்பிடவேண்டும்.

ஸ்டிக்கர் வேண்டுமென்றால், பின்னணிச் சதுரத்தை மறைத்துவிட்டு 512-க்கு 512 பிக்ஸலில் இன்னொரு பிஎன்ஜி எடுங்கள். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்து, ஒரு உரையாடலுக்குள் போய், பைல் இணைக்கும் கூட்டல் குறியில் புது ஸ்டிக்கர் என்பதைக் கிளிக் செய்து இந்தப் படத்தைக் கொடுத்தால் ஆயிற்று. வாயை மட்டும் தனி லேயரில் வைத்திருந்தால் சிரிப்பு, கோபம், ஆச்சரியம் என்று அதை மட்டும் மாற்றி நாலைந்து ஸ்டிக்கர் செய்யலாம். அக்காவுக்கு இரண்டு செய்தோம்: கை கூப்பியபடி 'ஆர்டர் வந்துட்டு', கண்ணாடிக்கு மேலாக முறைத்தபடி 'பழைய பாக்கி?'. இரண்டாவதுதான் அதிகம் போய்க்கொண்டிருக்கிறது.