ரேஞ்ச் 332-ஆ, 489-ஆ? திருவாடானையிலிருந்து ஒரு எலக்ட்ரிக் கார் கணக்கு



"மச்சான், எந்த இ.வி. நல்லது?" - ஹாஸ்டல்ல வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துடும். உடனே ஆளுக்கொரு பிராண்டுக்குக் கொடி பிடிப்போம். ஆனா போன லீவுல அதே கேள்வியை எங்க அப்பா கேட்டப்ப எனக்குப் பதில் வரல. ஏன்னா அவர் கையில இருந்தது ரிட்டயர்மென்ட் பணம். ஒரு தடவைதான் வாங்க முடியும்.

எங்க தேவை இதுதான். வீடு திருவாடானையில. அப்பத்தாவுக்கு மாசம் ரெண்டு தடவை மதுரையில சிகிச்சை. நம்ம ஊர் வழியா தொண்டி வரைக்கும் போற தேசிய நெடுஞ்சாலை 85-ல மதுரை ஏறத்தாழ 100 கி.மீ. போக, வர, மதுரைக்குள்ள சுத்த எல்லாம் சேர்த்து 215 கி.மீ.னு வெச்சுக்கலாம். மத்த நாள்ல தொண்டி, தேவகோட்டை, ஆர்.எஸ். மங்கலம் அவ்வளவுதான்.

பட்ஜெட்டுக்குள்ள நின்னது ரெண்டு வண்டி: டாடா நெக்ஸான் இ.வி. 45, எம்.ஜி. விண்ட்ஸர் இ.வி. நாங்க போட்ட கணக்கை அப்படியே இங்க தர்றேன். உங்க ஊர் எண்களைப் போட்டு நீங்களும் செஞ்சு பாருங்க.

1. கேட்லாக் என்ன சொல்லுது?

ரெண்டுமே 2024-ல வந்தவை. நெக்ஸான்ல 45 யூனிட் பேட்டரி, விண்ட்ஸர்ல 38 யூனிட். (ஒரு கிலோவாட் அவர்னா நம்ம கரண்ட் பில்லுல வர்ற ஒரு யூனிட்தான்.) சோதனைக்கூட ரேஞ்ச் முறையே 489 கி.மீ., 332 கி.மீ. அறிமுக ஷோரூம் விலை நெக்ஸானுக்கு 13.99 லட்சம், விண்ட்ஸருக்கு 13.50 லட்சம். ரெண்டுலயும் எல்.எஃப்.பி. செல்தான். அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். நிக்கல், கோபால்ட் வகையைவிட எடை கூடுதல். ஆனா வெயிலைத் தாங்கும், அதிக சார்ஜ் சுற்றுகளும் வரும். ராமநாதபுரம் மாவட்டத்து வெயிலுக்கு இது முக்கியம்.

இடவசதியில விண்ட்ஸர் முன்னால நிக்குது. ரெண்டு அச்சுக்கு நடுவுல உள்ள தூரம் 2,700 மி.மீ.; நெக்ஸான்ல 2,498 மி.மீ. பாதுகாப்புச் சோதனையில நெக்ஸான் இ.வி. 2024-ல பாரத் என்கேப் 5 ஸ்டார் வாங்கியிருக்கு.

2. சோதனைக்கூட எண்ணை நம்ம ரோட்டுக்கு மாத்துறது

489, 332 ரெண்டும் பொய் இல்ல. ஆனா அந்தச் சோதனை சுற்றுல சராசரி வேகம் குறைவு. டாடாவே நெக்ஸான் 45-க்கு நிஜ ரோட்டுல 350 முதல் 370 கி.மீ. வரும்னு தனியா ஒரு எண் சொல்றாங்க. அதை வெச்சுப் பின்னோக்கிப் போனா, 45,000 வாட் அவர் ÷ 360 = கி.மீ.க்கு 125 வாட் அவர்.

நாங்க இன்னும் கறாரா எடுத்தோம். ஏ.சி., நாலு பேர், 80-90 வேகம். அதனால நெக்ஸானுக்கு 140. விண்ட்ஸர் அகலமும் உயரமும் கொஞ்சம் அதிகம், காத்தை அதிகமா தள்ளணும். அதனால 150. இவை எங்க அனுமானம்தான்; டெஸ்ட் டிரைவ்ல மீட்டரைப் பார்த்து உங்க எண்ணைப் போட்டுக்கங்க. கடைசி 15 சதவீதத்தைத் தொடக் கூடாதுன்னும் ஒரு விதி வெச்சுக்கிட்டோம்.

நெக்ஸான்: 45,000 × 0.85 ÷ 140 = 273 கி.மீ.
விண்ட்ஸர்: 38,000 × 0.85 ÷ 150 = 215 கி.மீ.

நமக்குத் தேவை 215. விண்ட்ஸர் சரியா கோட்டு மேல நிக்குது! இதுவே பேட்டரி 10 சதவீதம் தேஞ்ச பிறகு பார்த்தா, விண்ட்ஸர் 194, நெக்ஸான் 246. புது வண்டிக்கு மட்டும் கணக்குப் போடாதீங்க. ஆறாவது வருஷத்து வண்டிக்கும் போடுங்க.

3. வலது கால்ல இருக்கு பாதி ரேஞ்ச்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கா? காத்துத் தடை விசை வேகத்தோட இருமடிக்கு ஏத்த மாதிரி ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனா (100 ÷ 80)² = 1.56. அதாவது ஒவ்வொரு கி.மீ.க்கும் காத்தைத் தள்ள ஆகுற செலவு மட்டும் 56 சதவீதம் கூடும். டயர் உராய்வு அந்த அளவு கூடாது, அதனால மொத்தச் செலவு அவ்வளவு ஏறாது. இருந்தாலும் காளையார்கோவில் தாண்டி ரோடு காலியா இருக்கேன்னு மிதிச்சா, மேல இருக்கிற 215 கைக்கு வராது.

4. வீட்டுல சார்ஜ்

16 ஆம்பியர் சாக்கெட்ல 3.3 கிலோவாட் சார்ஜர் போட்டா, விண்ட்ஸர் காலியிலிருந்து நிறைய ஏறத்தாழ 13 மணி நேரம், நெக்ஸான் 15 மணி நேரம் ஆகும். தினமும் காலியாகாது, அதனால ராத்திரி போட்டா காலையில ரெடி. ஆனா ஒரு விஷயத்தை விட்டுடாதீங்க: அயர்ன் பாக்ஸ் மாதிரி பத்து நிமிஷ லோடு இல்ல இது. விடிய விடிய 15 ஆம்பியர் ஓடும். பழைய வயரிங் சூடாகும். மீட்டர் போர்டுல இருந்து தனி லைன், 4 ஸ்கொயர் காப்பர் வயர், தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., நல்ல எர்த்திங் - இவ்வளவும் வேணும். மின்வாரிய ஆபீஸ்ல லோடு அனுமதியையும் பார்த்துக்கங்க.

செலவு? கி.மீ.க்கு 150 வாட் அவர், சார்ஜிங் இழப்பு 10 சதவீதம், யூனிட் 8 ரூபாய்னு வெச்சா 1 ரூபாய் 32 காசு. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடுற பெட்ரோல் வண்டிக்கு, பெட்ரோல் 100 ரூபாய்னா, 6 ரூபாய் 67 காசு.

5. பேட்டரியை வாடகைக்கு எடுக்கலாமா?

விண்ட்ஸர் வந்தப்ப இன்னொரு திட்டமும் சொன்னாங்க: வண்டி 9.99 லட்சம், பேட்டரிக்கு கி.மீ.க்கு 3.50 ரூபாய். கேட்க இனிக்கும். வித்தியாசம் 3.51 லட்சம் ÷ 3.50 = ஏறத்தாழ ஒரு லட்சம் கி.மீ. அதுக்கு மேல ஓட்டினா வாடகை நஷ்டம். அந்த 3.51 லட்சத்தை 9 சதவீத வட்டியில 5 வருஷக் கடனா வாங்கினா மொத்தம் 4.37 லட்சம் கட்டணும். அப்போ சமநிலை 1.25 லட்சம் கி.மீ.க்குத் தள்ளிப் போகும்.

எங்களுக்கு வருஷம் 10,000 கி.மீ. அப்படின்னா பத்து வருஷத்துக்கு வாடகை லாபம் மாதிரி தெரியுது. ஆனா கையெழுத்துக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: மாசக் குறைந்தபட்ச கி.மீ. உண்டா? நடுவுல வித்தா என்ன ஆகும்? வாடகை ஏறுமா? அப்பா ஒரே வார்த்தையில முடிச்சிட்டார்: "பென்ஷன்ல மாசாமாசம் இன்னொரு பில் வேணாம்ப்பா."

6. எக்செல்ல இல்லாத ஒரு வரி

இதுவரைக்கும் பார்த்தா நெக்ஸான்தான் ஜெயிச்சது. நானும் ஷீட்டைக் காட்டி முடிச்சிட்டேன்னு நினைச்சேன். அப்புறம் அப்பத்தாவை ரெண்டு வண்டியிலயும் உட்கார வெச்சுப் பார்த்தோம்.

நெக்ஸான் பின் சீட்டுல முழங்கால் மேல தூக்கிக்கிச்சு. பேட்டரி கீழ இருக்கிறதால தளம் உயரம். விண்ட்ஸர்ல காலை நீட்டினாங்க. சாய்மானம் 135 டிகிரி வரைக்கும் சாயும் (வேரியன்ட்டைப் பார்த்து உறுதி பண்ணிக்கங்க). அப்பத்தா கண்ணை மூடிக்கிட்டு, "வரும்போது இப்படிப் படுத்துக்கிட்டு வந்தா போதும்யா"ன்னாங்க. சிகிச்சை முடிஞ்சு வர்ற அந்த ரெண்டரை மணி நேரம் அவங்களுக்கு எப்படி இருக்கும்னு என் ஷீட்ல ஒரு காலம் கூட இல்ல.

சரி, விண்ட்ஸருக்கு வழி இருக்கான்னு திரும்பக் கணக்குப் போட்டேன். மதுரை போய்ச் சேர 100 கி.மீ.க்கு 15 யூனிட். மீதி 23. அங்க ஃபாஸ்ட் சார்ஜர்ல 10 யூனிட் ஏத்த அரை மணி நேரம் தாராளம். திரும்பும்போது 33 யூனிட் கையில இருக்கும். வீடு வந்து சேர்ந்தாலும் பாதிக்குக் கிட்ட மிச்சம். டெக்னிக்கலா பிரச்சினையே இல்ல.

பிரச்சினை வேற. அப்பா அப்பத்தாகூட உள்ள இருக்கணும். நான் ஹாஸ்டல்ல. அப்போ வண்டியை சார்ஜருக்கு யார் எடுத்துட்டுப் போறது? ஆள் இல்லைன்னா நெக்ஸான், ஆள் இருந்தா விண்ட்ஸர். முடிவு அந்த ஒரே கேள்வியில வந்து நின்னுச்சு. பெரிய பேட்டரி உள்ள விண்ட்ஸர் ப்ரோ இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு, 52.9 யூனிட். விலை எங்க பட்ஜெட்டைத் தாண்டிடுச்சு.

அப்பா மதுரையில இருக்கிற சித்தப்பாவுக்கு போன் போட்டார். "மாசம் ரெண்டு நாள்தானேண்ணே, நான் வந்து சாவியை வாங்கிக்கிறேன். அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும்"னார். விண்ட்ஸர் புக் பண்ணியாச்சு.

உங்க வீட்டுல முடிவு நெக்ஸானா இருக்கலாம், தப்பே இல்ல. ஆனா ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல மூணு எண் எழுதுங்க: உங்க வீட்டோட நீளமான ஒரு நாள் பயணம், வண்டி நிஜமா எடுக்கிற வாட் அவர், ஆறு வருஷம் கழிச்சு பேட்டரி எவ்வளவு இருக்கும். நாலாவதா, அந்த வண்டியில அதிகமா உட்காரப் போறவங்களைக் கூட்டிட்டுப் போய் அரை மணி நேரம் உட்கார வைங்க. ரிவியூ வீடியோ அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்.