கடிக்கும் பிள்ளை

கேள்வி: என் மூன்று வயது மகன் கோபம் வந்தால் கடிக்கிறான், தங்கையின் முடியைப் பிடித்து இழுக்கிறான். "அப்படியே சித்தப்பா குணம், ரத்தத்திலேயே இருக்கு" என்கிறார் மாமியார். முரட்டுத்தனம் பரம்பரையாக வருமா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: மாமியார் சொல்வது பாதி உண்மை. ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையர்கள், மற்ற இரட்டையர்களைவிட இந்தக் குணத்திலும் அதிகம் ஒத்திருக்கிறார்கள். மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

மீதிப் பாதி வளர்ப்பு. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. எம்ஏஓஏ என்ற மரபணு மந்தமாகச் செயல்படும் ஆண்களில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம் வன்முறை அதிகம் இருந்தது. அதே மரபணு இருந்தும் கொடுமை இல்லாமல் வளர்ந்தவர்களிடம் அப்படி இல்லை.

இன்னொன்று: பிள்ளைகள் அதிகம் அடிப்பதும் கடிப்பதும் 2 முதல் 4 வயதுக்குள்தான் என்று கனடா ஆய்வாளர் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே காட்டியிருக்கிறார். பேச்சும் பொறுமையும் வளர வளர, பெரும்பாலும் அது குறைந்துவிடும். அடிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். அடிக்காமல் இருக்கத்தான் சொல்லித்தர வேண்டும்.

அடுத்த முறை முடியை இழுத்தால், கையை மெல்ல விலக்கி, "பாப்பாவுக்கு வலிக்கும். பொம்மை வேணும்னா வாயால கேளு" என்று சொல்லுங்கள். கேட்டதும் பாராட்டுங்கள். பதிலுக்கு நீங்கள் அடித்தால், அடிப்பது சரி என்றுதான் அவன் புரிந்துகொள்வான். பள்ளிக்குப் போகும் வயதிலும் குறையாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை, சித்தப்பாவை விட்டுவிடச் சொல்லுங்கள்!