புத்தகயாவுக்கு ஒரு ராத்திரி ஒதுக்கு

காசி, கயாவுக்குப் போகப் போறேன்னு சொன்னே. மாமனார், மாமியாரோட போறதால பிளானை சிராத்தத்தைச் சுத்தித்தான் போட்டிருப்பே, அது சரிதான். ஆனா நம்மூர்க்காரங்க நிறையப் பேர் விஷ்ணுபாதத்துல பிண்டம் போட்ட கையோட, அதே வண்டியில புத்தகயாவை அரை மணி நேரம் எட்டிப் பார்த்துட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவாங்க. நீ அப்படிச் செய்யாதே. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கேயே ரூம் போட்டு ஒரு ராத்திரி தங்கு.

மகாபோதி கோயில் காலை 5 மணிக்கே திறந்துடும். அந்த நேரத்துக்கே போயிடு. டூர் பஸ்கள் வந்து சேர்றதுக்கு முன்னாடி, ஒவ்வொரு நாட்டு பிக்குகளும் அவங்கவங்க மொழியில ஓதறதை நிதானமா கேட்கலாம்.

உள்ளே செல்போனுக்கு அனுமதி கிடையாது. 2013-ல குண்டு வெடிச்சதுக்கப்புறம் சோதனை ரொம்பக் கடுமை. போனை ரூம்லயே வெச்சுட்டா லாக்கர் வரிசையில நிக்க வேண்டாம். போன் இல்லாததால, யாராவது கூட்டத்துல பிரிஞ்சுட்டா எங்கே வந்து நிக்கணும்னு மாமாகிட்டயும் அத்தைகிட்டயும் முன்னாடியே சொல்லிடு. வண்டி வாசல் வரைக்கும் போகாது, கொஞ்சம் நடக்கணும். செருப்பையும் கழட்டணும். பளிங்குத் தரை குளிர்காலத்துல காலைக் கடிக்கும், வெயில் காலத்துல சுடும். பெரியவங்களுக்கு சாக்ஸ் கட்டாயம் எடுத்துக்கோ.

தரிசனம் முடிஞ்சதும் வெளியே வந்துடாதே. கோயிலுக்குப் பின்பக்கம், மேற்கே போ. போதி மரம் அங்கேதான். பழைய மரம் 1876-ல சாஞ்சுபோச்சு. இப்போ நிக்கிறது அதுக்கப்புறம் வெச்ச கன்னு. அசோகர் மகள் சங்கமித்தை அந்தக் காலத்துல இங்கே நின்ன போதியோட கிளையைத்தான் இலங்கைக்குக் கொண்டுபோனாங்கன்னு சொல்வாங்க. அனுராதபுரத்துல அந்த மரத்தை இன்னிக்கும் கும்பிடறாங்க. இலையைப் பறிக்காதே. தானா விழுந்ததை எடுத்துக்கலாம். பிரகாரம் மாதிரி வலமாவே சுத்து. பலகை போட்டு விழுந்து விழுந்து நமஸ்காரம் பண்றவங்களுக்குக் குறுக்கே போகாதே, அவங்க முகத்துக்கு நேரா கேமராவும் நீட்டாதே. அத்தைக்குக் கால் வலிச்சா தெற்குப் பக்கம் முசலிந்தக் குளத்தங்கரையில உட்கார வை. நீயும் ஒரு மணி நேரம் சும்மா உட்காரு. இவ்வளவு தூரம் போறதே அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்னு எனக்குத் தோணும்.

தாய்லாந்து, பூடான், ஜப்பான் கோயில்கள், 80 அடி புத்தர் சிலை எல்லாம் பக்கத்துலயே இருக்கு. பல கோயில்களை மதியம் சாத்திடுவாங்க, அதனால காலையிலயே பார்த்துடு. வழியில நன்கொடை கேட்டு யார் வந்தாலும் கையில கொடுக்காதே, உண்டியல்ல போடு.

மே, ஜூன் வெயில் பெரியவங்களுக்குத் தாங்காது. டிசம்பர், ஜனவரியில திபெத்தியர் பிரார்த்தனைக் கூட்டங்கள் நடக்கும், ரூம் கிடைக்கிறது கஷ்டம், இப்பவே போட்டுடு. அந்த மாசங்கள்ல மூடுபனியால ரயில் பல மணி நேரம் தாமதமாகும். கயா ரயிலுக்கும் ஊர் திரும்பற ரயிலுக்கும் நடுவுல ஒரு நாள் விட்டே டிக்கெட் எடு.