எழுத்தில் தெரியும் ஆளுமை

நுழையும்முன்

மதிப்பெண் சான்றிதழ் ஒருவர் எவ்வளவு கற்றார் என்பதைக் கூறும். அவர் எத்தகையவர் என்பதைக் கூறாது. மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் பல, விண்ணப்பத்துடன் கட்டுரையையும் கேட்பது இதனாலேயே ஆகும். தம்மைப் பற்றிச் சில நூறு சொற்களில் உண்மையாக எழுதுவது எளிதன்று. அதற்குரிய வழியை இப்பாடம் விளக்குகிறது.

கட்டுரை ஏன்?

1908ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பாடங்கள் பெரும்பாலும் விரிவுரைகளாக நடத்தப்படுவதில்லை. ஒரு நிறுவனம் எதிர்கொண்ட உண்மையான சிக்கலை மாணவர்கள் முன்னரே படித்து வருவர். ஏறத்தாழ 90 பேர் கொண்ட வகுப்பு அதனை விவாதிக்கும். அந்த மேலாளரின் இடத்தில் இருந்தால் என்ன முடிவெடுப்பது என்பதே அங்கு எழும் வினா. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்கும் இம்முறையில், அனைவரும் ஒன்றுபோலச் சிந்தித்தால் விவாதம் சிறக்காது. எனவே, விண்ணப்பிப்பவர் எத்தகைய பட்டறிவோடும் பார்வையோடும் வகுப்பறைக்குள் வருவார் என்பதை அறிய வேண்டியுள்ளது. ஜிமேட் போன்ற தேர்வுகளின் மதிப்பெண்கள் இதனைக் காட்டமாட்டா.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி, 'உங்களுக்கு மிக முதன்மையானது எது? ஏன்?' என்னும் வினாவைப் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறது. 'எது' என்பதற்குக் குடும்பம், நேர்மை என ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். அவ்விடையையே பலரும் எழுதக்கூடும். 'ஏன்' என்பதற்குத் தரும் விடைதான் ஒருவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்துகிறது.

பண்புப்பெயரும் செயலும்

தலைமைப்பண்பு, விடாமுயற்சி, பொறுப்புணர்வு ஆகியவற்றை எவரும் தமக்குச் சூட்டிக்கொள்ளலாம். படிப்பவர் மனத்தில் நிலைப்பது பண்பின் பெயரன்று. அப்பண்பு வெளிப்பட்ட செயல்.

கட்டுமானப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் தந்தைக்கு உதவிய இளைஞர் ஒருவர் விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். அவர் தம் முதல் வரைவில், 'கடையின் கணக்குகளைக் கணினிமயமாக்கித் தலைமைப்பண்பை வெளிப்படுத்தினேன்' என்று எழுதுகிறார். இதில் பிழை இல்லை. ஆனால் ஆளும் இல்லை.

நடந்ததை அவர் மீண்டும் எண்ணிப் பார்க்கிறார். தந்தையின் கடன் பேரேட்டில் பெயர்களின் அருகே சிறுசிறு குறிகள் இருந்தன. அவற்றைக் கிறுக்கல் எனக் கருதி, தொகைகளை மட்டும் கணினியில் ஏற்றினார். கடன் வாங்கிய அனைவருக்கும் ஒரு புதன்கிழமை நினைவூட்டும் குறுஞ்செய்தி சென்றது. நெடுநாள் வாடிக்கையாளரான கொத்தனார் ஒருவர் அன்றே வந்து, முழுத் தொகையையும் மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பினார். பின்னர்க் கடைக்கு வரவில்லை. ஒவ்வொருவருக்கும் கூலி கிடைக்கும் நாளையே அக்குறிகள் குறித்தன என்பதை இளைஞர் அதன்பின்னரே அறிந்தார். கொத்தனாரின் வீட்டிற்குச் சென்று வருத்தம் தெரிவித்தார். கணினிக் கணக்கில் கூலி நாளுக்கெனத் தனிப்பத்தி ஒன்றைச் சேர்த்தார்.

இரண்டாம் வரைவில் 'பொறுப்புணர்வு' என்னும் சொல்லே இல்லை. ஆயினும், தம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தும் மனம் அதில் தெரிகிறது. தொகைக்குப் பின்னால் மனிதர் இருப்பதை உணர்ந்தவர் என்பதும் புலனாகிறது.

குறையும் குரலும்

குறையை எழுதினால் மதிப்புக் குறையும் என்று அஞ்சுவோர் உண்டு. குறையை மட்டும் கூறி நிறுத்தினால் அது புலம்பலாகும். அதனால் எடுத்த முடிவையும் அடைந்த மாற்றத்தையும் கூறும்போது அது வளர்ச்சியின் சான்றாகும். பேரிடரோ பெருவெற்றியோ வாழ்வில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. சிறு நிகழ்வும் போதும்.

பிறரைக் கொண்டு எழுதுவிப்பதும் பிறர் கதையைத் தம் கதையாக்குவதும் நேர்மையற்றவை, பயனும் அற்றவை. ஹார்வர்டில் நேர்காணல் நடத்துபவர் விண்ணப்பம் முழுவதையும் படித்த பின்னரே வினவுகிறார். இரவல் எழுத்தில் உள்ள 'ஏன்' என்பதற்கு அங்கு விடை கிடைக்காது. பிழை திருத்தப் பிறர் உதவலாம். குரல் எழுதுபவருடையதாகவே இருக்க வேண்டும்.

தன்னை எழுதுவதற்கு முன் தன்னை அறிதல் வேண்டும். இடம் கிடைப்பினும் கிடைக்காவிடினும், அவ்வாறு அறிந்தது எழுதியவரிடமே தங்கும்.

தெரிந்து தெளிவோம்

கட்டுரையைக் குறிக்கும் 'எஸ்ஸே' என்னும் ஆங்கிலச் சொல், 'முயற்சி' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மோந்தேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1580இல் வெளியிட்ட தம் நூலுக்கு இச்சொல்லையே பெயராக வைத்தார். தம்மையே ஆராய்ந்து எழுதியவர் அவர்.

கற்பவை கற்றபின்

1. உம்மிடம் உள்ள பண்பு ஒன்றை, அதன் பெயரைக் குறிப்பிடாமல், ஒரு நிகழ்வின்வழி 100 சொற்களில் எழுதுக.
2. எழுதியதை நண்பரிடம் படிக்கத் தந்து, அவர் உணர்ந்த பண்பு யாது எனக் கேட்டறிக.
3. இளைஞரின் இரு வரைவுகளையும் ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.