முதல் 1,500 கிலோமீட்டர்

ஜெர்மனியில் புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஊரிலுள்ள ஷோரூமுக்கு லாரியில் வந்து இறங்கும்வரை காத்திருக்காமல், நேரே ஆலைக்கே போய் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். ஃபோக்ஸ்வாகன் என்றால் வோல்ஃப்ஸ்பூர்க், பி.எம்.டபிள்யூ. என்றால் மியூனிக். அமெரிக்காவில் வசிப்பவர்கள்கூட ஒரு காலத்தில் மியூனிக்கில் பி.எம்.டபிள்யூ. எடுத்து, ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கப்பலில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் திட்டம் 2020-இல் நின்றுபோனது. இங்கே வசிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஆலைக்குப் போய் எடுக்கும் வழி இருக்கிறது. அப்படித்தான் வோல்ஃப்ஸ்பூர்க்கில் ஒரு டிகுவானை எடுத்துக்கொண்டு, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிவரை போய், ஸ்டுட்கார்ட்டில் உள்ள வீட்டுக்குத் திரும்பினோம். நான், மனைவி, ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பார்க்க வேண்டிய ஊர்களின் பட்டியலை ஓரமாக வையுங்கள். வண்டியின் கையேட்டை எடுத்து, 'புதிய வண்டி' என்ற பகுதியைப் படியுங்கள். பெட்ரோல் வண்டிக்கு முதல் 1,000 கிலோமீட்டர்வரை முழு வேகத்தில் முடுக்கக் கூடாது. அடுத்த 500-இல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். புது பிரேக் பேட் முதல் 200, 300 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் முழுப் பிடிப்புக்கு வரும். டயரும் சில நூறு கிலோமீட்டர் தேய்ந்தால்தான் சாலையை நன்றாகக் கவ்வும். மாடலுக்கு மாடல் எண்கள் மாறும், வரிசை மாறாது. எடுத்த அன்றே ஆட்டோபானில் ஏறி ஒரே வேகத்தில் 600 கிலோமீட்டர் ஓட்டுவது புது எஞ்சினுக்கு நல்லதில்லை. மறுநாளே மலையிலிருந்து சரசரவென இறங்குவது புது பிரேக்குக்கு நல்லதில்லை. ஆகவே சமதளமும் கிராமத்துச் சாலையும் முதலில், மலை நடுவில், அதிவேகச் சாலை கடைசியில். எங்கள் பாதை முழுவதும் இந்த ஒரு வரியிலிருந்து பிறந்தது.

அப்பா போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "புது வண்டிக்கு இதுதாம்பா சரி, பழக்கித்தான் எடுக்கணும்" என்று ஒரே வார்த்தையில் ஒப்புதல் தந்தார்.

தேதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டெலிவரி வாரம் தள்ளிப்போவது இங்கே சர்வ சாதாரணம். ஆலையிலிருந்து நாளும் நேரமும் உறுதியாகும்வரை, பணம் திரும்பாத எந்த அறையையும் பதிவு செய்யாதீர்கள். பெற்றோரை அழைக்கிறீர்கள் என்றால் விசா நாட்களை இறுக்கிப் பிடிக்காமல், முன்னும் பின்னும் சில வாரம் விட்டுக் கேளுங்கள். அடுத்தது பருவம். உயரமான கணவாய்கள் பனிக்காலத்தில் மூடிக்கிடக்கும். எங்கள் பாதையில் இருந்த ஸ்டெல்வியோ கணவாய் பெரும்பாலும் மே மாதக் கடைசியில்தான் திறக்கும். தனியாகச் சொல்லாவிட்டால் புது வண்டி கோடைக்கால டயரோடுதான் வரும். ஆகஸ்டில் இத்தாலியே விடுமுறையில் சாலைக்கு வந்துவிடும். செப்டம்பரைத் தேர்ந்தெடுத்ததற்கு இவ்வளவு காரணம் இருந்தது.

அதன் பிறகு நம்பர் பிளேட். வண்டியை நாம் வசிக்கும் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்து, பிளேட்டை நாமே ஆலைக்கு எடுத்துக்கொண்டு போகலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். இரண்டு தகரப் பலகையைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறியபோது, "வண்டி அங்க இருக்கு, நம்பரு நம்ம மடியில இருக்கு" என்று அம்மா வழியெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். பிடித்த எண்ணை முன்கூட்டியே இணையத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆசைக்காகச் சொல்லவில்லை. ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு வேண்டிய டிஜிட்டல் வின்யெட் (சுங்கச் சீட்டு) வண்டி எண்ணோடு பிணைந்தது. எண் தெரியாமல் அதை வாங்க முடியாது. எண் கையில் இருந்தால் வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம்.

பதிவுச் சான்று இரண்டு பகுதியாக வரும். பகுதி ஒன்று நம் ஊர் ஆர்.சி. புத்தகம் மாதிரி, எப்போதும் ஓட்டுநரிடம் இருக்க வேண்டும். பகுதி இரண்டு வண்டியின் உரிமை தொடர்பான தாள். அதைப் பயணத்தில் வண்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள், வீட்டில் பூட்டி வையுங்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை நடத்துகிறது. ஷெங்கன்தானே என்று நினைக்காமல், எல்லோருடைய பாஸ்போர்ட்டும் வசிப்பிட அட்டையும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வோல்ஃப்ஸ்பூர்க் ரயில் நிலையத்தில் இறங்கினால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஆலையின் நான்கு புகைபோக்கிகள் தெரியும். நடைபாலம் வழியாகப் போனால், வண்டியை ஒப்படைக்கும் இடமான அவுட்டோஷ்டாட். 2000-இல் திறந்த இந்த வளாகத்தில் 48 மீட்டர் உயரத்தில் இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் 400 கார் நிற்கும். ஆலையிலிருந்து சுரங்கம் வழியாக வண்டிகள் அங்கே வந்து அடுக்கப்படுகின்றன. லிஃப்ட் ஒவ்வொரு வண்டியாக இறக்குவதை அப்பா கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தைய நாளே வந்து தங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான். ரயில் தாமதமானால் குறித்த நேரம் போய்விடும் என்பது இன்னொரு காரணம்.

சாவி கைக்கு வந்ததும் மனசு வாசலை நோக்கி ஓடும். ஓடவிடாதீர்கள். சான்றில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு சாவியும் வேலை செய்கின்றனவா, நான்கு ரிம்மிலும் கீறல் உண்டா என்று குனிந்து பாருங்கள். திருட்டைத் தடுக்கும் வீல் போல்ட் இருந்தால் அதைக் கழற்றும் தனிச் சாவி எங்கே என்று கேளுங்கள். பின்பக்கத் தளத்தைத் தூக்கிப் பாருங்கள். பல புது வண்டிகளில் இப்போது ஸ்டெப்னி கிடையாது. காற்றடிக்கும் சின்ன பம்பும் ஓட்டையை அடைக்கும் திரவமும்தான் இருக்கும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள், மலையில் மழையில் படித்துக் கற்கிற விஷயம் இல்லை அது. முக்கோணப் பலகை, முதலுதவிப் பெட்டி, ஒளிரும் சட்டை மூன்றும் வேண்டும். சட்டையை ஆளுக்கொன்றாக வாங்கி, டிக்கியில் போடாமல் இருக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் அதை மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

முதல் நாள் ஓட்டம் சுமார் 80 கிலோமீட்டர்தான்: ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் உள்ள கோஸ்லார். விளக்கு, வைப்பர், இருக்கை, கண்ணாடி எல்லாம் புதிது. கை பழகுவதற்கு இந்தத் தூரம் போதும். தங்கும் விடுதியின் முற்றத்தில், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, அம்மா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அந்தப் பெரியவர் உள்ளே போய்த் தன் மனைவியையும் அழைத்து வந்து நின்று பார்த்தார். மேற்கு ஜெர்மனிப் பக்கம் இருப்பவர்கள் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில் பூசை போட்டுவிட்டுக் கிளம்பலாம். ஈழத் தமிழர் கட்டிய அந்தக் கோயில் ஏ2 நெடுஞ்சாலைக்கு அருகிலேயே இருக்கிறது.

அடுத்து வூர்ட்ஸ்பூர்க். அங்கிருந்து ஃப்யூஸன்வரை 460 கிலோமீட்டர் நீளும் 'ரொமான்டிஷே ஷ்ட்ராஸே'. வண்டி பழக்குவதற்கென்றே போட்ட சாலை இது என்பேன். கிராமத்துக்குள் 50, வெளியே வந்தால் 100, திரும்பவும் 50. கியர் ஏறும், இறங்கும், பிரேக் அளவாக வேலை செய்யும். எஞ்சினுக்கு வேண்டியது இந்த ஏற்ற இறக்கம்தான். வழியில் வரும் ரோட்டன்பூர்க்கில் கூட்டம் நெரிகிறது. நேரம் குறைவென்றால் அதை விட்டுவிட்டு நோர்ட்லிங்கனில் தங்குங்கள். சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளத்துக்குள் இருக்கும் ஊர் அது. மதில்மேல் நடந்தே ஊரை ஒரு சுற்று சுற்றி வரலாம். நிலவில் பாறை பொறுக்கப் போன அப்போலோ 14 வீரர்கள் 1970-இல் இந்தப் பள்ளத்தில்தான் பாறை பார்க்கப் பழகினார்கள்.

ஃப்யூஸனைத் தாண்டினால் ஆஸ்திரியா. ஃபெர்ன் கணவாய்ச் சாலைக்கு வின்யெட் தேவையில்லை; ஏ12 நெடுஞ்சாலையில் ஏறினால் தேவை. ரெஷன் கணவாயைக் கடந்ததும் ஏரி நடுவே ஒரு மணிக்கூண்டு நிற்கும். 1950-இல் அணைக்காக மூழ்கடித்த கிராவுன் கிராமத்தின் கோயில் கோபுரம். அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். "இந்த ஊர் சனமெல்லாம் எங்க போச்சுங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியோடு ஸ்டெல்வியோ அடிவாரத்துக்கு வந்தோம். 1825-இல் ஆஸ்திரியப் பேரரசு போட்டு முடித்த சாலை. உச்சி 2,757 மீட்டர். பிராட் பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலையின் 70 வளைவுகளில் பேருந்தோடு போய்ப் பழகிய அப்பாவுக்கு எண்ணிக்கை பெரிதாகத் தெரியவில்லை. உயரம்தான் அவரை வாயடைக்க வைத்தது. காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும் ஒவ்வொரு வளைவிலும் எதிர்ப்படும். வளைவுக்குள் நுழைவதற்கு முன் கழுத்தைத் திருப்பி மேல் சாலையைப் பாருங்கள், எதிரே என்ன வருகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இறங்கும்போதுதான் அப்பா வாய் திறந்தார். "ஏறின கியர்லயே இறங்குப்பா. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா காஞ்சு போயிடும்." என்னுடையது ஆட்டோமேட்டிக் வண்டி. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் மைனஸ் பட்டையைத் தட்டி இரண்டாம் கியருக்கு இறக்கினேன். எஞ்சின் உறுமியபடி வண்டியைத் தானே பிடித்துக்கொண்டது. வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கை ஒருமுறை அழுத்தி, உடனே காலை எடுத்துவிட வேண்டும். கீழே நின்ற வண்டிகள் பலவற்றில் கருகல் வாசனை அடித்தது, எங்கள் சக்கரத்தில் அது இல்லை. நம் ஊர் மலைப்பாதை ஓட்டுநர்களின் இந்தப் பாடம் ஆல்ப்ஸ் மலைக்கும் அப்படியே பொருந்துகிறது.

உச்சியிலிருந்து வந்த வழியே இறங்காமல், போர்மியோ பக்கம் கொஞ்ச தூரம் போய் உம்பிரைல் கணவாய் வழியாக சுவிட்சர்லாந்தின் சாந்தா மரியாவில் இறங்கினோம். அங்கே கூட்டம் குறைவு. அங்கிருந்து மறுபடி இத்தாலிக்கு வந்துவிடலாம். மோட்டார்வேயைத் தொடாததால் 40 ஃபிராங்க் சுவிஸ் வின்யெட் தேவைப்படவில்லை. மஞ்சள் அஞ்சல் பேருந்து மூன்று சுரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால், இடம் பார்த்து ஒதுங்கி நில்லுங்கள். மலை அஞ்சல் சாலைகளில் அந்த ஓட்டுநர் சொல்வதுதான் சட்டம். சுவிட்சர்லாந்தில் ஐரோப்பிய ஒன்றியத்து ரோமிங் விதி செல்லாது. உங்கள் மொபைல் திட்டத்தில் அந்த நாடு இல்லையென்றால் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

இத்தாலியில் இரண்டு விஷயம். பழைய நகரங்களின் நடுப்பகுதிக்கு 'ஸோனா ஏ டிராஃபிக்கோ லிமிடாட்டோ' என்று பலகை வைத்திருப்பார்கள். அனுமதியில்லாத வண்டி உள்ளே போனால் கேமரா பிடிக்கும், அபராதம் வீடு தேடி வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு என்பதால், மறந்துபோன பிறகு வரும். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். பெட்ரோல் பங்கில் 'செர்விட்டோ' என்றால் ஆள் வந்து போடுவார், லிட்டருக்கு விலை கூடுதல். 'ஃபாய் தா தே' என்றால் நாமே போட வேண்டும். திரும்பும்போது பிரென்னர் வழியாக வந்தால், ஏ13 சாலைக்கு வின்யெட் போதாது, தனிக் கட்டணம் உண்டு.

கடைசியாக ஜெர்மனியின் ஏ7 நெடுஞ்சாலை. அதற்குள் வண்டி 1,500-ஐ நெருங்கிவிட்டது. வேகக் கட்டுப்பாடு இல்லாத பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தேன். ஆலையிலிருந்து எடுத்தபோது இருந்த இறுக்கம் எஞ்சினில் இல்லை, பிரேக் தொட்டவுடன் பிடித்தது. வண்டியை எனக்குத் தெரியும், வண்டிக்குச் சாலை தெரியும் என்ற நம்பிக்கையோடு வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

பணம் மிச்சமாகும் என்று எண்ணி இதைச் செய்யாதீர்கள். ஆலையில் எடுப்பதற்கும் கட்டணம் உண்டு. ரயில், அறை எல்லாம் சேர்த்தால் கணக்கு கூடத்தான் செய்யும். ஆனால் வாய்ப்பு இருப்பவர்கள் பெற்றோர் நன்றாக நடமாடும்போதே இதைச் செய்துவிடுங்கள். விற்பனையாளரிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே, 'ஆலைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்று அதில் எழுதச் சொல்லுங்கள்.